ஒன்றும் கொடுக்காவிட்டால் போகிற செய்தி

என் பழைய கைத்தொலைபேசியை நான் இன்னும் எறியவில்லை. பற்றரி ஊதிப்போய்ப் பின்மூடி பூட்டாமல் நிற்கிறது. றப்பர் வளையம் போட்டு வைத்திருக்கிறேன். அதைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே செய்திதான். ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்ச் சொல்: "வந்திட்டன்". தெரியாதவர் பார்த்தால் போன் பழுதாகி ஒன்றையே திருப்பித் திருப்பிக் காட்டுகிறது என்று நினைப்பார்.

அவை என் மகள் கொழும்பிலிருந்து மாலைகளில் அனுப்பியவை. அனுப்பியவை என்று எழுதிவிட்டேன். அந்தச் சொல் சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நாங்கள் மட்டக்களப்பில், கல்லடியில், கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் கிடக்கும் ஒடுங்கிய மண்ணில் குடியிருந்தோம். பாடப்புத்தகத்தில் அது வாவி, எங்களுக்கு ஆறு. நான் கணித ஆசிரியை. கணவர் கச்சேரியில், அரச செயலகத்தில், காணிப் பகுதி எழுதுவினைஞர். மூத்தது மகள், இளையது மகன். எல்லாத் தமிழ் வீட்டையும் போலவே எங்கள் வீட்டிலும் வெளியே போகிறவர் "போறன்" என்று சொல்வதில்லை. "வாறன்" என்றுதான் படியிறங்குவார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது "வந்திட்டன்" என்பார். யாரும் கேட்டு வாங்கும் சொல் அல்ல அது. அடுப்படியில் நிற்பவளின் காதில் விழுந்தும் விழாமலும் போகும்.

நத்தார்ப் பண்டிகைக்கு, கிறிஸ்மஸுக்கு, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, மகன் நாவலடியில் இருந்த கூட்டாளி வீட்டுக்குக் கிரிக்கெட் மட்டையோடு புறப்பட்டான். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, வாறன்."

"சாப்பிட்டுப் போடா. புட்டு இப்ப அவிஞ்சிரும்."

"அங்க கேக் தருவாங்க. உங்கட புட்டு ஓடிருமா?"

அவ்வளவுதான். புட்டு அவிந்ததா என்று எனக்கு நினைவில்லை. கடல் வந்தபோது கணவர் என்னையும் மகளையும் பக்கத்து மாடிவீட்டின் மேல் தள்ளி ஏற்றினார். மேலிருந்து பார்த்தபோது நாவலடிப் பக்கம் தென்னைகளின் தலை மட்டும் நின்றது. மகனின் உடல் கிடைத்தது. கிடைத்ததே என்று ஊரார் எங்களுக்கு ஆறுதல் சொன்னார்கள். கிடைக்காத வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. ஆகவே நாங்களும் அதை ஆறுதல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அதன் பிறகு புளியந்தீவில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தோம். அங்கே எனக்கு ஒரு பழக்கம் பிடித்தது. யார் உள்ளே வந்தாலும் எனக்குக் கேட்கும்படி "வந்திட்டன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் வந்தால் நான் கத்துவேன். உண்மையாகவே கத்துவேன், அயல் வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும்படி.

"கக்கூசுக்குப் போயிட்டு வந்தாலும் சொல்லணுமா?" என்று கணவர் கேட்டார்.

"சொல்லுங்க."

"வந்திட்டன்," என்றார் அவர். மகள் சிரித்தாள். அந்த வருடத்தில் அவள் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இருக்கும் ஒரே தடவை அது.

அடுத்த ஆண்டுகளில் சண்டை ஆற்றுக்கு மேற்கே பெருத்தது. என் கணவரின் ஊர் கரடியனாறு. அங்கிருந்து அவருடைய அக்கா குடும்பம் மாடுகளை அவிழ்த்துவிட்டு வெறுங்கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. வடக்கே பனிச்சங்கேணிப் பக்கத்துச் சனம் கரையோரமாக நடந்தே வந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடம் அகதி முகாம் ஆயிற்று. நான் பின்னங்கள் படிப்பித்த வகுப்பறையில் கயிறு கட்டிச் சேலை காய்ந்தது. இளம் பிள்ளைகள் வைத்திருந்தவர்கள் எல்லோரும் ஒன்றைத்தான் யோசித்தார்கள்: பிள்ளையை எங்கே அனுப்புவது. மகள் கணினி டிப்ளோமா முடித்திருந்தாள். கொழும்பில் ஒரு சின்னக் கம்பனியில் வேலை கிடைத்தது. பல் வைத்தியரிடம் வரவேண்டிய நாளையும் அடகு மீட்க வேண்டிய நாளையும் வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புவதுதான் அந்தக் கம்பனியின் தொழில். ஒரு மேசையில் கைத்தொலைபேசிகளை வரிசையாக வைத்துக் கணினியோடு வயரால் இணைத்திருப்பார்களாம். அவற்றை ஓட்டும் சின்னச் சின்ன நிரல்களை எழுதுவது அவள் வேலை.

நான் விடமாட்டேன் என்றேன். மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டேன்.

"ஒவ்வொரு நாளும் பின்னேரம் போர்டிங்குக்கு வந்ததும் எனக்குத் தெரியணும்."

"ஒரு மிஸ் கோல் காணுமா?"

"காணும், அது போதும்."

ஒரு தரம் அடித்து நின்றால் மகள் வந்துவிட்டாள் என்று அர்த்தம். காசும் போகாது, பேசவும் தேவையில்லை. பேசுவது அந்தக் காலத்தில் லேசான காரியமும் அல்ல. பஸ்ஸில் தமிழில் பேசினால் தலைகள் திரும்பும். நான் தவறி இடைநேரத்தில் எடுத்துவிட்டால், மேலதிகாரி ஒருவரோடு பேசுவதுபோல "ஓகே, ஓகே, லேட்டர்" என்று வைத்துவிடுவாள். என் மகள் என்னோடு ஆங்கிலத்தில் பேசுவதைக் கேட்டு முதல் தடவை நான் அழுதேன். பிறகு பழகிவிட்டது. ஞாயிறு காலையில், போர்டிங்கில் கூடத் தங்கியிருந்த மற்றப் பிள்ளைகள் கோயிலுக்குப் போன நேரம், தமிழில் பேசுவாள்.

ஒருநாள் கொழும்புப் பக்கம் பஸ் ஒன்றில் குண்டு வெடித்தது. செய்தி ஆசிரியர் அறைக்கு வந்தபோது நான் திருத்திக்கொண்டிருந்த கொப்பிகளை அப்படியே விட்டுவிட்டு போனை எடுத்தேன். இணைப்பு இல்லை. எல்லோரும் எல்லோரையும் அழைத்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் யாரும் கிடைக்கவில்லை. பின்னேரம் மிஸ் கோல் வரவில்லை. இருட்டும்வரை வரவில்லை. என்னை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பிரஷர் ஏறிவிட்டதாம். அங்கே கட்டிலில் கிடக்கும்போதுதான் போன் ஒரு தரம் அடித்து நின்றது. பக்கத்துக் கட்டில் அம்மா எழும்பி இருந்து, "எடுகா, எடு, நிண்டுரும்," என்றாள். நான் அதைக் கையில் பிடித்துக்கொண்டு எடுக்காமல் கிடந்தேன்.

அந்த ஞாயிறு மகள் சொன்னாள்: "இனி மிஸ் கோல் வேணாம் அம்மா. ஒவ்வொரு நாளும் ஆறரைக்கு உங்களுக்கு ஒரு மெசேஜ் வரும். லைன் ஜாம் எண்டாலும் மெசேஜ் பிந்தியாவது வந்து சேரும். ஒபிஸ் போனில இருந்துதான் வரும். என்ட நம்பர் இல்ல எண்டு பயந்திராதீங்க."

வந்தது. அடுத்த நாளும் வந்தது. ஆறரை என்றால் ஆறரை. "வந்திட்டன்." தூரத்தில் எங்கோ அவள் செருப்பைக் கழற்றுவது எனக்குக் கேட்கும். அதன் பிறகுதான் நான் விளக்கேற்றுவேன், சோறு போடுவேன், கணவரோடு முகம் கொடுத்துப் பேசுவேன்.

இடைக்கிடை வேறு சொற்களும் வந்தன. ஒருநாள் "மழை". வேறொன்றும் இல்லை, மழை மட்டும். ஒருநாள் "இடியப்பம்". ஒருநாள் "தலையிடி". அன்று நான் துடித்துப்போனேன். கணவர், "தலையிடி எண்டு எழுதுற அளவுக்குச் சுகமாத்தானே இரிக்காள்," என்றார். இன்னொரு நாள் "தம்பி" என்று வந்தது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. இப்படி ஒற்றைச் சொல்லை எறிந்துவிட்டுப் போகிறாளே, பெற்றவள் என்ன பாடுபடுவாள் என்று யோசிக்க வேண்டாமா?

என் போனில் கொஞ்சச் செய்திகள்தான் கொள்ளும். நிரம்பினால் புதியது வராது. வாசலில் வந்து நிற்கும். ஆகவே நான் கவனமாக இடம் வைத்துக்கொள்வேன். என்னைக் குழப்பிய சொற்களை உடனுக்குடன் அழித்துவிடுவேன். மழையை அழித்தேன். இடியப்பத்தை அழித்தேன். தம்பியை அழித்தேன். "வந்திட்டன்" எல்லாவற்றையும் வைத்திருந்தேன்; இடம் முட்டினால் மட்டும் மிகப் பழையதை விடுவேன்.

வடக்கில் போர் கடைசிக் கட்டத்துக்குப் போன மாதங்களில் ஒருமுறை, இரண்டு ஞாயிறு தொடர்ந்து அவளுடைய போன் வேலை செய்யவில்லை. முதல் ஞாயிறு நான் கொஞ்சம் பதறினேன்.

"போன் பழுதா இரிக்கும்," என்றார் கணவர். "நேத்தும் மெசேஜ் வந்ததா இல்லையா?"

"வந்த."

"மறுகா என்ன?"

உண்மைதான். ஒரு நாளும் தவறவில்லை. ஆறரை, "வந்திட்டன்". அந்த நாட்களில் நான் மற்ற நாட்களைவிட நிம்மதியாகவே இருந்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். கரடியனாற்றில் மீண்டும் குடியேறிய மச்சாள், கணவரின் அக்கா, வீட்டுக்கு ஒருநாள் போய் வந்தோம். வயல் வட்டையில் கனகாலத்துக்குப் பிறகு வேளாண்மை விளைந்து கிடந்தது. வரம்பில் நின்று புது நெல்லை உள்ளங்கையில் தேய்த்து வாயில் போட்டேன். அங்கே நிற்கும்போதுதான் அன்றைய செய்தி வந்தது. மச்சாளிடம் போனைத் தூக்கிக் காட்டினேன்.

"இஞ்ச பாருங்க, புள்ள வந்திட்டாள்."

"நீ குடுத்து வச்சவள்கா," என்றாள் மச்சாள்.

மூன்றாவது ஞாயிறு மகள் பேசினாள். குரல் அடைத்திருந்தது. போன் பழுதாகிவிட்டதாம். தடிமனாம், சளியாம். நான் கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொன்னேன்.

போர் முடிந்தது என்று வானொலி சொன்ன அன்று நகரில் யாரோ வெடி கொளுத்தினார்கள். முதல் சத்தத்துக்கு நான் கட்டிலுக்குக் கீழே போய்விட்டேன்; பிறகு அது பட்டாசு என்று தெரிந்ததும் வெளியே வர வெட்கமாக இருந்தது. கொழும்பில் வெற்றியைக் கொண்டாடித் தெருத்தெருவாகப் பாற்சோறு கொடுக்கிறார்களாம். மகளை அழைத்தேன். எடுத்தாள், பேசவில்லை. அவளுக்குப் பின்னால் மேளச் சத்தமும் வெடியும் கேட்டன. என் வீட்டு வெடியும் அவள் பக்கத்து வெடியும் ஒரே நேரத்தில் காதில் விழுந்தன. ஆறரைக்குச் செய்தி வந்தது.

சில வாரங்களில் அவள் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். குளிர் நாடு ஒன்றில் படிக்க இடம் கிடைத்திருந்தது. விசா வரும்வரை எங்களோடு இருப்பதாகச் சொன்னாள். மெலிந்திருந்தாள். அது மட்டும் என்றால் நான் சோறு போட்டுச் சரிப்படுத்தியிருப்பேன். அவளிடம் வேறு ஏதோ மாறியிருந்தது. "எங்க போறாய் மகள்?" என்று சும்மா கேட்டால், நின்று, என் முகத்தைப் பாராமல், "கடைக்கு. பாண் வாங்க. சந்திக் கடை. தனியத்தான் போறன். உடன வந்திருவன்," என்று வரிசையாகச் சொல்வாள். கேட்டதற்கு மேலான பதில். கேட்கப்போகும் அடுத்த கேள்விகளுக்கும் சேர்த்துப் பதில். என் வகுப்பில் அடிவாங்கிப் பழகிய பிள்ளைகள் சிலர் அப்படிப் பேசுவார்கள்.

ஒருநாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கணவர் பெருமையாகத் தொடங்கினார். "இவளப் போல ஒரு புள்ள ஊருக்குள்ள இல்ல. இத்தின வருசத்தில ஒரு நாள் பிந்தி இரிக்கா மெசேஜ்?"

"அதுதான் நானும் கேக்கணும் எண்டு இருந்தன்," என்றேன். "பஸ் பிந்தாதா புள்ள? ஒரு நாளாவது ஆறே முக்காலுக்கு வந்திருக்கணுமே."

அவள் சோற்றுக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். "பஸ் பிந்தும் அம்மா. கொம்பியூட்டர் பிந்தாது," என்று சொல்லித் தன் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் திறந்தாள். "காட்டுறன், பாருங்க. நீங்க கணக்கு டீச்சர்தானே, விளங்கும்."

அரைப்பக்கம்கூட வராத நிரல். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன்.

"இதுக்கு ரெண்டு விசயம்தான் வேணும். என்ன சொல்லுற, ஆருக்குச் சொல்லுற. என்ன எண்டத, இத ஓடவைக்கக்குள்ள, இதுட பேருக்குப் பக்கத்தில எழுதிக் குடுக்கிற. அதுதான் ஆர்கியுமென்ட்."

சார்பு ஒன்றுக்கு எக்ஸின் பெறுமானத்தைக் கொடுப்பதுபோல என்றேன். "ஓம், அப்படித்தான்," என்றாள். கொடுத்தவை எல்லாம் ஒரு வரிசையில் வந்து நிற்குமாம். அந்த வரிசையில் முதல் ஆளாக எப்போதும் நிரலின் சொந்தப் பெயரே நிற்கும். அதை யாரும் கொடுக்கத் தேவையில்லை. நாம் கொடுப்பது இரண்டாவது இடத்தில் வரும். நிரல் அந்த இரண்டாவதை எடுத்து அனுப்பும்.

"ஆருக்கு எண்டது?"

"அது கையில குடுக்கிறல்ல. என்வயரன்மென்ட் வேரியபிள். இது ஓடத் தொடங்கக்குள்ளயே இதச் சுத்தி இரிக்கிற விசயம். பேரச் சொல்லிக் கேட்டா உள்ள இரிக்கிறத எடுத்துக் குடுக்கும்." விரலை ஒரு வரியில் வைத்தாள். அங்கே என் தொலைபேசி இலக்கம் இல்லை. ஆங்கிலப் பெரிய எழுத்தில் "அம்மா" என்று மட்டும் இருந்தது.

"நம்பர இதுக்குள்ளயே எழுதினா என்ன, லேசுதானே?"

"எழுதினா, இதத் திறந்து பார்க்கிற ஆக்களுக்கு உங்களத் தெரிஞ்சிரும்."

திறந்து பார்க்கிற ஆட்கள் யார் என்று நான் கேட்கவில்லை. அவளுடைய அடையாள அட்டை எனக்கு நினைவு வந்தது. பிறந்த இடம் மட்டக்களப்பு. சோதனைச்சாவடியில் அவள் வாயால் என்ன பதில் கொடுத்தாலும், அதற்கு முன்பே அவளைச் சுற்றி அது இருந்தது.

பேச்சை மாற்ற நினைத்து, "அது சரி, ஒருநாள் இடியப்பம் எண்டு வந்ததே, அது என்ன கூத்து?" என்றேன்.

"இடியப்பம் எண்டா? வெறும் இடியப்பமா?"

"ஓம். மறுகா ஒருநாள் மழை எண்டு வந்த."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். "ஐயோ அம்மா! நான் கொட்டேசன் போடாம அடிச்சிரிக்கன். பக்கத்து மேசைப் பொடியன் எட்டிப் பார்க்க முதல் அடிச்சு அனுப்புற அவசரம். முழு வசனத்தையும் மேற்கோள் குறிக்குள்ள போடாட்டி இது இடைவெளி கண்ட இடத்தில எல்லாம் வெட்டிப்போடும். இரண்டாவதா நிக்கிற சொல்ல மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்த விட்டிரும். என்ட வாய்க்கு இடைவெளி கூட!"

கணவரும் சிரித்தார். "அப்ப முழுசா என்னதான் எழுதினாய்?"

"இடியப்பம் திண்டன், உங்கட சொதி மாதிரி வராது எண்டு. மழை பெய்யுது, குடைய பஸ்ஸில விட்டிட்டன் எண்டு."

"தலையிடி?"

யோசித்தாள். "மறந்து போச்சு."

"தம்பி?"

சிரிப்பு நின்றது. "தம்பி பேரில இண்டைக்கு விளக்கு வச்சன் எண்டு," என்றாள். "அவன்ட பிறந்தநாள்தானே."

அழித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு, ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காக, வகுப்பில் கேட்கிற கேள்வி ஒன்றைக் கேட்டேன். எக்ஸுக்குப் பெறுமானம் தராவிட்டால் என்ன நடக்கும் என்று நான் பிள்ளைகளிடம் கேட்பது வழக்கம்.

"ஒண்டும் குடுக்காம ஓடவைச்சா?"

"குடுக்காட்டி 'வந்திட்டன்' எண்டு போகும்."

அவள் அதை வெகு சாதாரணமாகச் சொன்னாள். சொன்ன பிறகுதான் சொன்னதைக் கேட்டாள். விசைப்பலகையிலிருந்து கை மெதுவாக விலகி மடிக்குப் போனது.

நிரலில் அந்த வரி இருந்தது. கொடுத்தவற்றை எண்ணிப் பார். தன் பெயரைத் தவிர ஒன்றும் இல்லை என்றால் இதை எடுத்துக்கொள். ஒபிஸ் கணினி ஒவ்வொரு நாளும் ஆறரைக்கு அதை ஒன்றும் கொடுக்காமல் ஓடவைக்கும். அவளுக்கு ஏதாவது சொல்ல இருந்த நாட்களில், முந்திக்கொண்டு தன் கையால் ஒரு வசனத்தைக் கொடுப்பாள். அன்றைக்கு ஆறரை ஓட்டத்தை நிறுத்திவிடுவாள், அது மட்டும் போகும். அப்படியென்றால் மழையும் இடியப்பமும் தம்பியும் அவள். "வந்திட்டன்" எல்லாம் மேசையில் இருந்த கணினி.

"பொய் சொல்லணும் எண்டு செய்யல்ல அம்மா," என்றாள். "நான் ஏழுக்குப் போர்டிங் போனா நீங்க ஆறரைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருவீங்க. ஒவ்வொரு நாளும் வந்துதானே சேர்ந்தன். கொஞ்சம் முந்திச் சொன்னது. அவ்வளவுதான்."

"ஒவ்வொரு நாளும் சேர்ந்தியா?"

நான் எழுந்து போய்ப் போனை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தேன். போன் பழுதான அந்த இரண்டு ஞாயிறுகளும் அவற்றுக்கு நடுவில் இருந்த நாட்களும். எல்லாம் "வந்திட்டன்".

"அப்ப நீ எங்க இருந்தாய் மகள்?"

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டினேன்.

"பொலிஸ் வந்து போர்டிங்கச் சுத்தி வளைச்சு எல்லாரையும் வண்டியில ஏத்தினாங்க. மத்தப் புள்ளயள அண்டைக்கே விட்டிட்டாங்க. என்ட ஐ.சியில மட்டக்களப்பு எண்டு இருந்தது." அவள் சாப்பாட்டு மேசையின் விளிம்பைப் பார்த்துப் பேசினாள். "விசாரிச்சாங்க. பிறகு விட்டாங்க. மறுகா ஒண்டும் இல்ல."

"எங்களுக்கு ஏன் அறிவிக்கல்ல? வந்திருப்பமே. கச்சேரியில பெரியாக்களத் தெரியும் அப்பாக்கு."

"அதனாலதான்," என்றாள். "வந்தா உங்களையும் பிடிச்சு வச்சுக் கேப்பாங்க. என்ட போனப் பார்த்தாங்க, அதில ஊர் நம்பர் ஒண்டும் நான் வைக்கிறல்ல. ஒபிஸுக்கும் போய்க் கொம்பியூட்டரப் பார்த்தாங்களாம். இந்த ஸ்கிரிப்டத் திறந்தாங்களோ தெரியாது. திறந்தாலும் அதுக்குள்ள நீங்க இல்ல. வீட்டில ஆரு இரிக்காங்க எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டாங்க."

"நீ என்ன சொன்னாய்?"

"ஒருத்தரும் இல்ல எண்டன். எல்லாரும் கடலில போயிட்டாங்க எண்டு சொன்னன். அம்மா, அப்பா, தம்பி, எல்லாரும். எந்த நேரம், எந்த இடம், எப்படிக் கிடைச்சது எண்டெல்லாம் கேட்டாங்க. தம்பிட கதையத்தான் மூண்டு பேருக்கும் சொன்னன். அதுதான் எனக்குப் பிழைக்காமச் சொல்லத் தெரியும்."

கணவர் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். தண்ணீர்க் குழாயைத் திறந்த சத்தம் கேட்டது. வெகுநேரம் அது ஓடிக்கொண்டே இருந்தது.

அவள் ஓர் அறையில் இருந்து, என்னைக் கடல் எப்படிக் கொண்டுபோனது என்று யாருக்கோ விவரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்த நேரம் நான் வரம்பில் நின்று புது நெல்லை வாயில் போட்டுக்கொண்டு, புள்ள வந்திட்டாள் என்று மச்சாளுக்குப் போனைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன்.

அங்கே அவளுக்கு வேறு என்ன நடந்தது என்று நான் அன்றும் கேட்டேன், பிறகும் கேட்டேன். "ஒண்டும் இல்ல அம்மா," என்பாள். அதை எத்தனை விதமாகக் கேட்டாலும் வரும் பதில் அதுதான். கேட்கக் கேட்க எனக்கு ஒன்று விளங்கியது; அதன் பிறகு நிறுத்திக்கொண்டேன். என்னால் தாங்க முடியாது என்று முடிவுசெய்தே அவள் தன் வாழ்க்கையில் பாதியை எனக்குத் தராமல் வைத்திருந்தாள். அந்த முடிவு தவறு என்று காட்ட நான் அதுவரை எதுவும் செய்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து மிஸ் கோலை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதவள் நான்.

விசா வந்தது. போவதற்கு முதல் நாள் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அங்க போனதும் மெசேஜ் போட்டு வைக்கவா அம்மா? ஆறரைக்கு? நேர வித்தியாசத்தச் சரிப்படுத்தி வைப்பன்."

என் உடம்பு முழுக்க ஓம் என்றது. "வேணாம்," என்றேன். "அந்த வரிய எடுத்துவிடு. குடுக்க ஒண்டும் இல்லாட்டி ஒண்டும் போகக்கூடாது."

"அப்ப நீங்க…"

"நான் இருந்துகொள்ளுவன்."

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். பிறகு நிரலைத் திறந்து அந்த வரியை அழித்தாள். வீட்டுக் கணினியிலும் ஒரு பிரதியைப் போட்டு, பழைய போன் ஒன்றை வயரால் இணைத்து, எப்படி ஓடவைப்பது என்று எனக்குக் காட்டித் தந்தாள். அதில் "அம்மா" இருந்த இடத்தில் "மகள்" என்று வைத்தாள். இலக்கம் வழக்கம்போல உள்ளே இல்லை, வெளியே இருந்தது. மறுநாள் காலை படியில் நின்று, "அம்மா, வாறன்," என்றாள். நான் சாப்பிட்டுப் போ என்று சொல்லவில்லை. ஏற்கெனவே ஊட்டிவிட்டிருந்தேன்.

இப்போது பின்னேரங்களில் எனக்கு ஒன்றும் வருவதில்லை. ஆறரைக்கு என் கை தானாகப் போனிடம் போகும். போய் அங்கேயே இருக்கும். எப்போதாவது ஒரு வசனம் வரும், முழுதாக. பனி கொட்டுகிறது என்று வரும். கத்தரிக்காய் விலை பற்றி வரும். அவை வந்த அன்று நான் விளக்கேற்ற மறந்துவிடுகிறேன். வராத நாட்கள்தான் அதிகம். அந்த நாட்களில் அவள் எங்கே இருக்கிறாள், வந்து சேர்ந்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டு வாங்கியது இதைத்தான். ஆனாலும் இது லேசாக இல்லை.

போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, சேலையும் மாற்றாமல் கணினியின் முன் உட்கார்ந்தேன். நிரலின் பெயரை மட்டும் அடித்து, பக்கத்தில் ஒன்றும் கொடுக்காமல் ஓடவைத்தேன். என்ன நடக்கும் என்று பார்க்கத்தான். ஒன்றும் நடக்காது என்று நினைத்திருந்தேன். ஆனால் திரையில் ஒரு வரி வந்தது. அந்தப் பழைய வரி இருந்த இடத்தில் மகள் எனக்காக எழுதிவைத்துவிட்டுப் போனது, ஆங்கில எழுத்தில்:

"என்ன சொல்ல அம்மா?"

அதற்குக் கீழே வெறும் கோடு ஒன்று மின்னிக்கொண்டு நின்றது.

நான் மீண்டும் நிரலின் பெயரை அடித்தேன். ஓர் இடைவெளி விட்டேன். மேற்கோள் குறியைத் திறந்தேன். எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தேன்: நாங்க கடலில போகல்ல மகள், ரெண்டு பேரும் வீட்டில இரிக்கம். மேற்கோள் குறியை மூடினேன். மூடியிருக்கிறதா என்று திரும்பவும் பார்த்தேன். அதன் பிறகு அனுப்பினேன்.